டவுனைத் திருத்துவதற்கு முன்: கேள்வித்தாளா, எண்ணிக்கையா, கூட நடப்பதா?

சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மலையக டவுனின் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். பெரும்பாலான தேயிலைத் தோட்டங்களில் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கொடுக்கிறார்கள். அரிசி, மா, பிள்ளைக்குச் சப்பாத்து, அடகுக்கடை எல்லாம் அந்த ஒரு நாளில்தான். போன மாதம் நான் அப்படி நின்றபோது ஓர் அக்காவைக் கவனித்தேன். கானுக்கு மேல் போட்டிருந்த கொங்கிரீட் மூடியில் அரிசிப் பையை வைத்து, அதன் மேல் சின்ன மகளை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டிருந்தார். மழை தூறியதும் பிள்ளையை இறக்கி, பையை இழுத்துக்கொண்டு போய் ஒரு கடைத் தாழ்வாரத்தில் வைத்தார். கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அக்கா பையை மறுபடியும் கான் மூடிக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவர் உட்காரவே இல்லை.

எங்கள் பஸ் ஸ்டாண்டையும் அதையொட்டிய மெயின் வீதியையும் திருத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. வரைபடம் இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் சபைக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம் என்று எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகள் பதினைந்து பேர் கூடினோம். கையில் ஒரு மாதம் இருக்கிறது. காசு போட்டோ கொப்பிக்கும் தேத்தண்ணிக்கும் காணும். ‘மக்களுக்கு இது வேண்டும்’ என்று வெறுமனே எழுதிக் கொடுத்தால் அது கோப்புக்குள் போய்விடும், ஆராய்ந்து எழுத வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எப்படி ஆராய்வது என்பதில்தான் நாலு கட்சியாகப் பிரிந்தோம். இதே நிலையில் வேறு டவுன்களிலும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் அந்த விவாதத்தை இங்கே எழுதுகிறேன்.

எந்த முறையைச் சொன்னாலும் நான் ஒரு கேள்வியைத்தான் கேட்டேன்: அந்த அக்கா இதற்குள் வருவாரா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் அந்த டவுன் அவருடையது இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தோட்டத் துறையில் வாழ்ந்தார்கள். ‘நகரம்’ என்ற பிரிவில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான். நுவரெலியா மாநகர சபை, ஹட்டன் - டிக்கோயா நகர சபை, தலவாக்கலை - லிந்துலை நகர சபை ஆகிய மூன்றின் எல்லைக்குள் இருப்பவர்களைத்தான் நகரத்தார் என்று எண்ணுகிறார்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலை போல நீளமான கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் உள்ள ஊர்கள்கூடக் கணக்கில் நகரம் இல்லை. ஹட்டன் வீதியில் ஞாயிற்றுக்கிழமை தோளோடு தோள் இடித்து நடக்கும் கூட்டத்தில் பெரும்பகுதி அந்த நகர சபைக்கு வாக்களிக்காதவர்கள். அவர்களுடைய வாக்கு பக்கத்துப் பிரதேச சபைக்குப் போகிறது. அந்தப் பிரதேச சபைகளுக்கும் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை தடையாக இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பல குடும்பங்களுக்குத் தனி விலாசமும் கிடையாது, தோட்டத்தின் பெயருக்குத்தான் கடிதம் வரும். விலாசத்தையும் வாக்காளர் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்கும் ஆராய்ச்சி, டவுனை அதிகம் நம்பியிருப்பவர்களைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுகிறது.

முதல் கட்சி கேள்வித்தாள் கட்சி. எங்கள் பதினைந்து பேரில் எட்டுப் பேர் இதன் பக்கம். நூற்றுக்கு இத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள் என்று எழுதினால் உத்தியோகத்தர் மதிப்பார் என்பது அவர்களின் வாதம். அது பொய்யில்லை. ஆனால் யாரைக் கேட்பது? டவுனில் வீடு வீடாகப் போனால் கடைக்காரர் குடும்பங்களும் அரச உத்தியோகத்தர் குடும்பங்களும் கிடைக்கும். லயத்துக்குப் போனால் பகலில் ஆட்கள் மலையில் இருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் லயத்துக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கொழுந்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர் என் அப்பாயி. வந்த தம்பி மரியாதையாகத்தான் கேட்டார். பஸ் வசதி எப்படி? ‘நல்லம் தம்பி.’ டவுனில் நடக்க வசதியா? ‘நல்லம்.’ மலசலகூடம்? ‘எல்லாம் நல்லம்.’ அவர் போனபிறகு ஏன் அப்பாயி இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ‘பைலோட வர்ற ஆளுகிட்ட கொற சொன்னா, இருக்கிறதையும் வெட்டிருவாங்க’ என்றார். அறுபது வருடம் தோட்டத்தில் இருந்தவருடைய அனுபவம் அது. ஆனால் எங்கோ ஓர் அறிக்கையில் பஸ்ஸும் படியும் மலசலகூடமும் ‘திருப்தி’ என்று பதிவாகியிருக்கும்.

இன்னொன்று. கேள்வித்தாளில் விடைகளையும் நாமே அச்சடித்துக் கொடுக்கிறோம். ‘வாகனத் தரிப்பிடம், பூங்கா, கடைத்தொகுதி: எது முதலில் வேண்டும்?’ என்று கேட்டால், உட்கார ஒரு வாங்கு கேட்பவர் எதில் கோடு போடுவார்?

இரண்டாவது கட்சி நின்று எண்ணுகிற கட்சி. என்னிடம் ஒரே ஒரு முறையைத்தான் செய்யலாம் என்று சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். இதற்கு விலாசம் வேண்டாம், யாரும் நமக்காக வேலையை விட்டு வரவும் வேண்டாம். இடத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோரும் கணக்கில் வருகிறார்கள். கோப்பன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவை 1962இல் வாகனங்களுக்கு மூடினார்கள். அந்த வருடங்களில் யான் கேல் என்ற கட்டடக் கலைஞர் அங்கே நின்று, எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார். நியூயோர்க்கில் 1970களில் வில்லியம் வைட் என்பவர் உயரமான இடத்தில் கமெராவை வைத்துக் கட்டடங்களுக்கு முன்னால் உள்ள முற்றங்களைப் படமெடுத்தார். சில முற்றங்களில் மட்டும் கூட்டம் இருந்ததற்கு, அழகைவிட உட்கார இடம் இருக்கிறதா என்பதே பெரிய காரணமாக இருந்தது. அந்த வேலையைப் பார்த்து நகர நிர்வாகம் 1975இல் அந்த முற்றங்களுக்கான விதியையே மாற்றியது. அவர் கண்ட இன்னொரு விஷயம் நமக்கு மிகவும் வேண்டியது. ஓர் இடத்தில் பெண்களின் பங்கு வழக்கத்தைவிடக் குறைந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பெண்கள் இடத்தைப் பார்த்துத்தான் உட்காருகிறார்கள்.

செய்வது கஷ்டமில்லை. நடந்து போகிறவர்களை ஒரு மணித்தியாலத்தில் பத்து நிமிடம் எண்ணி ஆறால் பெருக்கிக்கொள்ளலாம். நிற்பவர்களையும் உட்கார்ந்தவர்களையும் பெருக்கக் கூடாது, மணிக்கு ஒருமுறை அந்த நேரத்தில் இருப்பவர்களை மட்டும் எண்ண வேண்டும். தாளில் ஆண், பெண், பிள்ளை, முதியவர் என்று நிரல் போட்டு, நிற்பவர், உட்கார்ந்தவர், சுமையுடன் இருப்பவர் என்று வரி பிரித்துக் கோடு போட வேண்டியதுதான். எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் ஒரு புதன்கிழமை எண்ணினால் பஸ் ஸ்டாண்ட் தாராளமாகத் தெரியும். நாங்கள் பார்த்துவைத்த நாட்கள் மூன்று. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு முழுவதும். பாடசாலை நாள் ஒன்றில், பிள்ளைகள் விட்டுவரும் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணிவரை. அப்புறம் மழை கொட்டுகிற ஒரு பின்னேரம். ஹட்டன் பக்கம் என்றால் அதற்கு மே தொடக்கம் செப்டெம்பர் வரை காலம் இருக்கிறது. பதுளைப் பக்கத்தார் வருடக் கடைசி மழையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வராதவரை எப்படி எண்ணுவது என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. வியன்னாவில் 1990களில் பூங்காக்களை வயதுவாரியாகவும் ஆண், பெண் வாரியாகவும் பிரித்துப் பார்த்தபோது, ஒன்பது பத்து வயதுக்குப் பிறகு பெண்பிள்ளைகள் வருவது நின்றுபோனது தெரிந்தது. பையன்கள் திறந்த வெளியை மொத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களில் வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பாதை போட்டு, கரப்பந்து போன்ற வேறு விளையாட்டுகளுக்கும் இடம் விட்டார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பிரித்து எண்ணினால் இல்லாதவர்களும் தெரிவார்கள். ஆனால் ஏன் இல்லை என்பதை எண்ணிக்கை சொல்லாது.

ஒரு பயமும் இருக்கிறது. நடைபாதையில் மரக்கறி விற்கிறவர்களை ‘இடைஞ்சல்’ என்ற வரியில் எண்ணினால், நம் தாளே அவர்களை எழுப்பி விடுவதற்கு ஆதாரமாகிவிடும். அவர்களிடம் எத்தனை பேர் நின்று வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று முதல் நாளே தீர்மானித்துக்கொண்டோம். முகம் தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பதில்லை என்பதும் முடிவு.

மூன்றாவது, கூட நடப்பது. டொரொண்டோவில் 1989இல் பெண்கள் அமைப்பொன்று இதை ஒரு முறையாகவே எழுதிவைத்தது. அந்தந்த இடத்தைப் பயன்படுத்துகிற பெண்கள் சிலர் சேர்ந்து, இருட்டிய பிறகு நடந்து, எங்கே வெளிச்சம் இல்லை, எங்கே சத்தம் போட்டாலும் யாருக்கும் கேட்காது என்று குறித்துக்கொண்டு போவார்கள். பிறகு பல நாடுகளுக்கு அது பரவியது.

எனக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை இருக்கவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று என் அப்பாயியையே ஒரு திங்கட்கிழமை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மார்க்கட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் படிக்கட்டு. இடது பக்கம் கைபிடிக் கம்பி இருக்கிறது. அப்பாயி அதைத் தொடவே இல்லை. வலது பக்கமாக ஒதுங்கி, உடம்பை ஒருக்களித்து, பூட்டியிருந்த கடையின் சட்டரில் உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். கம்பியைப் பிடிக்கலாமே என்றேன். ‘கடேசி ரெண்டு படிக்குக் கம்பி இல்லையே. அங்க வந்து கைய விட்டா விழுந்துருவேன். அதான் மொதல்லேயே இந்தப் பக்கம் வந்துர்றது’ என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தால் சட்டர் இருக்காதே? ‘அதனாலதான் நான் ஞாயித்துக்கெழம டவுனுக்கு வர்றதில்ல.’ நான் அந்தப் படியில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். கம்பி இரண்டு படிக்கு முன்னாலேயே நின்றுவிடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேள்வித்தாளுக்கு ‘எல்லாம் நல்லம்’ என்று சொன்னதும் இதே அப்பாயிதான்.

மலைநாட்டில் இதற்கு இன்னொரு பயன் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்கும் இடங்களுக்கும் வலது குறைந்தோர் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. உடனே எல்லோரும் ‘சாய்வுப் பாதை போடுங்கள்’ என்று எழுதிவிடுகிறோம். சக்கர நாற்காலி ஏற, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. எங்கள் படிக்கட்டு ஒன்பது அடி உயரம் என்று வைத்தால் 108 அடிப் பாதை, நடுவில் நின்று இளைப்பாறத் தட்டுகள் வேறு. அந்தச் சரிவில் இடம் ஏது? சக்கர நாற்காலியில் வரும் அண்ணன் ஒருவரோடு நடந்து பார்த்தால், அவர் ஆட்டோவிலிருந்து எந்த மட்டத்தில் இறங்கினால் படியே இல்லாமல் பஸ்ஸுக்கும் கிளினிக்குக்கும் போகலாம் என்று அவரே காட்டுவார். அந்த இடத்தை ஆட்டோ இறக்கிவிடும் இடமாக ஒதுக்கித் தரக் கேட்பது நடக்கக்கூடிய காரியம். படிக்கட்டுக்குக் கம்பியை முடிவுவரை நீட்டுவது, பத்துப் படிக்கு ஒரு தட்டு, தட்டில் மூட்டையை இறக்கிவைக்க இடுப்பளவு திண்ணை. இவையெல்லாம் அலுவலகத்தில் இருந்து யோசித்தால் வராது.

குறை என்னவென்றால், ஐந்து பேர் நடந்தால் ‘இது ஐந்து பேருடைய கருத்து’ என்று ஒதுக்கிவிடுவார்கள். தனியாக இதை மட்டும் வைத்துக்கொண்டு சபைக்குப் போக முடியாது.

நாலாவது கட்சியில் இருந்தது ஒரே ஒரு தம்பி. மக்களையே டவுனை வரையச் சொல்வோம் என்றான். 1960இல் வெளியான, அமெரிக்க நகரத் திட்டமிடலாளர் கெவின் லிஞ்சின் ஆய்வில் பொஸ்டன் மக்களை அப்படி வரையவைத்தார்கள். பிறகு 1970களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் இதையே செய்தபோது, வசதியான பகுதியில் வாழ்ந்தவர்களின் படத்தில் மாநகரம் முழுவதும் விரிந்து கிடந்தது. ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடியிருப்பில் வரைந்த படத்தில் பக்கத்துச் சில தெருக்கள், மாநகர மண்டபம், பஸ் நிலையம். அவ்வளவுதான். படித்தபோது எனக்கு எங்கள் லயத்து ஞாபகம் வந்தது. டவுனில் பொது நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வரைய எத்தனை பேருக்குத் தெரியும்?

கோயில் மண்டபத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து ஒரு மாலை சோதித்தோம். பெண்கள் மட்டும் இருந்த வட்டத்தில் பேச்சு தானாக வந்தது. மலசலகூடத்துக்கு ஒருவர் பெருக்கல் குறி போட்டார். ‘டவுனுக்குப் போற அன்னைக்கு வெள்ளனத் தேத்தண்ணி குடிக்கிறதில்ல’ என்றார் இன்னொருவர். சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் எத்தனை மணித்தியாலம் நின்று எண்ணினாலும், குடிக்காத தேத்தண்ணி தாளில் வராது.

ஆனால் அன்றைக்கே ஒரு தவறும் நடந்தது. ஒரு பிள்ளை, கடைத்தெருப் பின்பாதையில் போகப் பயமாக இருக்கிறது என்று குறித்தாள். அடுத்த வாரம் அவளுடைய அம்மா டியூசனையே நிறுத்திவிட்டார். பாதைக்கு வெளிச்சம் கேட்கப் போய்ப் பிள்ளையின் வழியை மூடிவிட்டோம். பெரியவர்களோடு முதலில் பேசி, குறியை யார் போட்டார் என்று தெரியாமல் சேர்க்கிற ஒழுங்கு இல்லாமல் இளம் பெண்களை வைத்து இதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். டியூசனுக்கு அந்தப் பிள்ளை திரும்பப் போக எங்கள் அக்காமார் இரண்டு பேர் மூன்று தடவை வீட்டுக்கு நடந்தார்கள்.

பொதுக்கூட்டம் போடலாம் என்றும், போனில் படிவம் அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். கூட்டத்தில் முன்வரிசைக் கதிரையில் இருப்பவர்தான் பேசுவார். போன் படிவம் எங்களைப் போன்ற பிள்ளைகளிடமே சுற்றிவரும். இரண்டையும் விட்டுவிட்டோம்.

கடைசியில் முடிவு இப்படி அமைந்தது. முதுகெலும்பு எண்ணிக்கை, சொன்ன அந்த மூன்று நாட்களிலும். அதோடு மூன்று நடை: முதியவர்களோடு ஒன்று, சக்கர நாற்காலி அண்ணனோடு ஒன்று, கடைசி பஸ்ஸுக்கு வரும் கடைவேலைப் பெண்களோடு இருட்டிய பிறகு ஒன்று. தரை வரைபடம் திருமணமான பெண்களின் வட்டத்தில் மட்டும், ஒரு தோட்டத்தில், ஒரு மாலை. கேள்வித்தாள் கட்சியையும் முழுதாகத் தள்ளிவிடவில்லை. பஸ் வரிசையில் நிற்பவர்களிடம் கேட்க மூன்று கேள்வி: எங்கிருந்து வந்தீர்கள்? எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவீர்கள்? இன்றைக்கு டவுனில் எதைச் செய்யாமல் திரும்புகிறீர்கள்? மூன்றாவது கேள்வியை அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் எழுதினார், நான் அதைப் பெரிதும் மதிக்கிறேன். ‘நல்லம்’ என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் கிடைக்கிற டவுன் என்றால் தரை வரைபடத்துக்கு இன்னும் நேரம் கொடுக்கச் சொல்வேன். இரண்டு வாரந்தான் என்றால் ஞாயிற்று எண்ணிக்கை ஒன்றும் நடை ஒன்றும் போதும், மற்றதைத் தேடி அலைய வேண்டாம்.

விண்ணப்பத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிறோம். முதல் பக்கத்தில் ஒரே ஓர் அட்டவணை: ஞாயிறு முழுவதும் மணிக்கு மணி எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர். இரண்டாம் பக்கத்தில் கம்பி முடியும் அந்தப் படியின் படம். பிரதியை நகர சபைக்கு மட்டுமில்லாமல், டவுனுக்கு வருகிறவர்கள் வாக்களிக்கும் பிரதேச சபைகளுக்கும் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்வோம். திருத்த வேலையின் வரைபடத்தைக் காட்ட மாட்டோம் என்று சபை சொன்னால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கோரிக்கை கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருகிறார்களா இல்லையா என்று சபை முடிவு சொல்ல வேண்டும்.

அடுத்த சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எண்ணத் தொடங்குகிறோம். எட்டு இடத்தில் எட்டுப் பேர், மணிக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். கான் மூடிக்குப் பக்கத்து இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.